கண்மாய்க்கு நான்காவது கரை கிடையாது

சென்ற காலாண்டுக் கூட்டத்தில் நம் இளைஞர்கள் ஒரு மனுவை வாசித்தார்கள். குடியிருப்புக்குக் கிழக்கே இருக்கும் கண்மாயைச் சுற்றி சைக்கிள் பாதையும் நடைபாதையும் போட்டு, ஓரத்தில் மரம் வைத்து, உட்கார பெஞ்சு அமைத்துத் தர வேண்டும் என்று நகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் எழுதிய மனு. காலையில் பெரியவர்கள் நடக்கலாம், மாலையில் பிள்ளைகள் லாரி பயம் இல்லாமல் சைக்கிள் ஓட்டலாம், கண்மாயில் குப்பை கொட்டுவதும் நிற்கும் என்றார்கள். எல்லோரும் கை தட்டினோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு ஒரு சொல் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ‘சுற்றி’ என்ற சொல்.

என் வயதுக்காரர்கள் பலரும் அந்த மாதிரிக் கரைகளில்தான் சைக்கிள் பழகினோம். மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிள், குரங்குப் பெடல், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வரும் அண்ணன். கரையின் இந்த முனையில் ஏறினால் அந்த முனையில் இருக்கும் கலுங்கு வரை போவோம். அங்கே இறங்கி, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே வருவோம். ஒருவரும் ஒரு நாளும் கண்மாயைச் சுற்றி வந்ததில்லை. கலுங்குக்கு அப்பால் பாதை என்று ஒன்று இல்லை. கரம்பை மண்ணும் முள்ளும் வரத்துக்கால்களும்தான். அது வசதிக் குறைவு என்றுதான் அப்போது நினைத்திருந்தோம். கண்மாய் என்றால் என்ன என்பதே அந்த வசதிக் குறைவில்தான் இருக்கிறது என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது. மனு போகுமுன் அதை எழுதிவிட வேண்டும் என்பதற்காக இந்தக் கட்டுரை.

நம் பக்கத்து நில அமைப்பை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். இராஜபாளையமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் மேற்கே மலை. நிலம் அங்கிருந்து கிழக்கே மெல்லச் சரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்ல. அய்யனார் கோவில் பக்கமிருந்தும் செண்பகத்தோப்புப் பக்கமிருந்தும் இறங்குகிற ஓடைகளும் ஆறுகளும் அந்தச் சரிவில் ஓடிக் கடைசியில் வைப்பாற்றுப் படுகையில் சேர்கின்றன. பெரிய ஆறு கிடையாது. மழையும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதக் கணக்கு. அந்த இரண்டு மாதத் தண்ணீரை ஓடவிடாமல் ஆங்காங்கே மறித்து நிறுத்தியதுதான் நம் முன்னோர் செய்த வேலை.

மறிப்பதற்கு ஒரு பக்கம் கரை போதும். சரிவின் கீழ்ப்பக்கமான கிழக்கில் உயரமாக ஒரு கரை. அதன் இரு முனைகளும் வளைந்து மேற்கு நோக்கிச் சற்றுத் தூரம் போய், நிலம் தானாக உயரும் இடத்தில் தரையோடு தரையாக முடிந்துவிடும். வளைத்த வில்லைப் போல. நாண் இருக்க வேண்டிய மேற்குப் பக்கம் திறந்தே கிடக்கும். தண்ணீர் வருவதற்கு அதுதான் வாசல். கண்மாய் நிறைய நிறைய அந்தப் பக்கமாகத் தண்ணீர் பரவிக்கொண்டே போகும். வற்ற வற்றக் கரையை நோக்கிச் சுருங்கி வரும். தண்ணீர் இப்படிப் பரவிச் சுருங்குகிற நிலத்துக்கு உள்வாய் என்று பெயர். கல்வெட்டுகளிலேயே வருகிற சொல். ஊர்க்காரர்கள் ‘கண்மாய்க்கு மூணு பக்கம் கரை’ என்று சொல்வது இந்த அர்த்தத்தில்தான்.

அப்படியானால் சுற்றி வரக்கூடிய நீர்நிலைகளே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்தைச் சுற்றி வரலாம். மதுரையில் திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளத்தை நான்கு பக்கமும் நடந்தே வரலாம். இவை தோண்டிய குளங்கள். தோண்டிய பள்ளத்துக்கு எல்லாப் பக்கமும் விளிம்பு உண்டு. தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் விளிம்பு நகராது. சிங்கப்பூரில் பெடோக் நீர்த்தேக்கம் என்று ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கிறார்களே, அவர்கள் அங்கிருந்து அனுப்பும் படங்களில் பார்த்திருப்பீர்கள். நீரைச் சுற்றி 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சமதளப் பாதை. குழந்தைகூட சைக்கிளில் சுற்றிவிடும். மனுவுக்கு உந்துதலே அந்தப் படங்கள்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த இடம் முன்பு மணல் அள்ளிய பள்ளம். அதையே நீர்த்தேக்கமாக்கி 1986-ல் முடித்தார்கள். அது பெரிய அளவில் ஒரு தெப்பக்குளம். கண்மாய் அல்ல.

மறித்துக் கட்டிய ஏரியையும் சுற்றி வரலாமே, கொடைக்கானலில் வரவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. நம்மில் யார் கொடைக்கானலுக்குப் போய் வாடகை சைக்கிள் எடுத்து ஏரியைச் சுற்றாதவர்? ஏறக்குறைய 5 கிலோமீட்டர். தென்தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ‘ஏரியைச் சுற்றி சைக்கிள்’ என்றால் மனத்தில் எழும் படமே அதுதான்.

அந்த ஏரியின் கதை இது. மதுரைக் கலெக்டராக இருந்த வேரே ஹென்றி லெவிஞ்ச் என்ற ஆங்கிலேயர் 1863-ல் மலைமேல் ஒரு சதுப்பான பள்ளத்தாக்கில் ஓடையை மறித்து அணை கட்டினார். தண்ணீர் தேங்கி, நட்சத்திரம் போலக் கைகள் நீண்ட ஏரி உண்டானது. பரப்பு சுமார் 60 ஏக்கர். தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார் என்றும் சொல்வார்கள். படகு விடவும் மீன் பிடிக்கவும், வெயிலுக்கு ஒதுங்கி வந்த வெள்ளைக்காரர்கள் மாலையில் உலாவவும் உண்டாக்கிய ஏரி. பாசனத்துக்காகக் கட்டியதல்ல. அங்கே சுற்றிவரச் சாலை போட முடிந்ததற்குக் காரணம் சுற்றிலும் குன்று இருப்பது. குன்றின் அடிவாரத்தை ஒட்டிச் சாலை போகிறது. ஏரி நிறைந்தாலும் தண்ணீர் ஒரு முழம் மேலே ஏறுமே தவிர அரை மைல் பரவாது. நம் சமவெளிக் கண்மாயில் ஓரத்தில் ஓரடி தண்ணீர் ஏறினால் மேற்கே எவ்வளவு தூரம் பரவும் என்பதை, மழைக்காலத்தில் கடைசித் தெரு வீட்டு மாடியில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையில் கண்டி ஏரியும் அப்படித்தான். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807-ல், அரண்மனைக்கு எதிரே இருந்த வயல் நிலத்தில் அணை போட்டு அதை உண்டாக்கினான். இன்று அதைச் சுற்றி 3 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை. அவனும் மலை நகரத்தில் அழகுக்காக ஏரி கட்டியவன். நம் நாயக்கர் வழி வந்த மன்னன் அவன் என்பதும், 1815-ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு 1832-ல் அங்கேயே இறந்தான் என்பதும் வேறு கதை. வேலூர்ப் பக்கம் போனால் அவன் சமாதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆக அழகுக்குக் கட்டிய ஏரியைச் சுற்றிப் பாதை இருக்கிறது. பயிருக்குக் கட்டிய கண்மாயைச் சுற்றிப் பாதை இல்லை. பயிருக்குக் கட்டியதில் நம் ஆட்களும் பிறகு அரசாங்கமும் எவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்தார்கள் என்பதற்கு அதே காலத்துச் செய்திகள் சில உண்டு.

கொடைக்கானல் ஏரி வெட்டப்படுவதற்கு ஐந்து வருடம் முன்பு, 1858-ல், சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. கண்மாய்க் கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்க்காரர்களை வேலைக்கு அழைக்கலாம். வழக்கப்படி ஊர் செய்துவந்த மராமத்தைச் செய்யத் தவறினால் அதற்கும் நடவடிக்கை எடுக்கலாம். நாம் குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்வதைச் சட்டத்தின் பிரம்பால் வாங்க நினைத்தார்கள். அதற்குள் பழைய ஏற்பாடு தளர்ந்திருந்தது. நிலவரி முழுவதும் கலெக்டர் கச்சேரிக்குப் போனபின், கண்மாயைப் பார்க்கும் ஆட்களுக்கு இருந்த மானியமும் பங்கும் குறைந்தன. மடை திறப்பவர், நீர் பாய்ச்சுபவர் என்று ஊருக்கு ஊர் இருந்த நீர்க்கட்டிகளின் செல்வாக்கும் போயிற்று. சட்டம் இருந்தது, ஆள் வரவில்லை.

பிறகு வந்தது 1876–78 பஞ்சம். நம் பாட்டிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது. அதன் பிறகுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது. 1883-ல் ஏரி மராமத்துத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, சர்வே குழுக்களைக் கண்மாய் கண்மாயாக அனுப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேடு. கரையின் நீளம் என்ன, மேலகலம் என்ன, மடைகள் எத்தனை, மடையின் அடிமட்டம் எது, கலுங்கின் நீளம் எவ்வளவு, முழுக்க நிறைந்தால் தண்ணீர் எந்த மட்டம் வரை நிற்கும், எத்தனை ஏக்கர் பாயும் என்று எழுதி வைத்தார்கள். எஃப்.டி.எல். என்று இன்றைக்கும் பொறியாளர்கள் சொல்லும் முழுநீர் மட்டம் அந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். ஒரு கண்மாயின் எல்லையைத் தீர்மானிப்பது கரை அல்ல, அந்த மட்டம். மேற்கே அந்த மட்டம் தரையைத் தொடும் கோடு வரை எல்லாம் கண்மாய். வைகாசியில் அங்கே மாடு மேய்ந்தாலும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினாலும் கண்மாய்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்த மராமத்து ரயத்துவாரிக் கண்மாய்களுக்கானது. ஜமீன் கண்மாய்கள் அதில் சேரவில்லை. அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த நம் பகுதியில் (1910-ல்தான் ராமநாதபுரம் ஜில்லாவுக்கு மாற்றினார்கள், விருதுநகர் மாவட்டம் 1985-ல் வந்தது) சேத்தூர் போன்ற ஜமீன்கள் இருந்தன. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, அடுத்த சில வருடங்களில் ஜமீன்களை அரசு எடுத்துக்கொண்டது. அந்த வருடங்களில், 1949 முதல் 1952 வரை, சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் நம் இராஜபாளையத்துக்காரர், பி.எஸ். குமாரசாமி ராஜா. காந்தி கலை மன்றத்துக்குத் தன் வீட்டையே கொடுத்தவர் என்று ஊரே அறியும். ஜமீன் கண்மாய்கள் பொதுச் சொத்தான காலமும் அவர் ஆட்சிக் காலம்தான் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதன்பின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிந்தது. தமிழ்நாட்டில் மொத்தம் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. 2017-ல் அரசு மறுபடி குடிமராமத்து என்ற பெயரில் தூர்வாரும் திட்டத்தைக் கொண்டுவந்ததும் நினைவிருக்கும்.

இதற்கும் சைக்கிள் பாதைக்கும் என்ன சம்பந்தம்? உள்வாய்தான் சம்பந்தம். கண்மாய்கள் எங்கெல்லாம் அழிந்தனவோ அங்கெல்லாம் அழிவு கரைப் பக்கமிருந்து தொடங்கவில்லை. கரையை யாரும் எளிதில் தொட மாட்டார்கள். கரையில் அய்யனாரோ கருப்பசாமியோ இருப்பார். அழிவு தொடங்குவது திறந்த பக்கத்தில், வருடத்தில் எட்டு மாதம் சும்மா கிடக்கும் புறம்போக்கு போலத் தோன்றும் அந்த நிலத்தில். சென்னையில் தி. நகர் எழுந்தது மாம்பலத்து நீள ஏரியில். 1923 வாக்கில் நகரமைப்புத் திட்டம் போட்டு ஏரியை வடித்து மனையாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்றும் ஒரு சாலை இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது.

கோயம்புத்தூர் இதில் நமக்கு நெருங்கிய பாடம். நொய்யலிலிருந்து நீர் வாங்கும் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம் எல்லாம் ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்தவை. வயல்கள் நகரமாகிவிட்டன, குளம் மட்டும் மிஞ்சியது. வாலாங்குளத்தின் ஊடே ரயில் பாதையே போகிறது. 2010-ல் மாநகராட்சி அந்தக் குளங்களைப் பொதுப்பணித் துறையிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்கு வாங்கியது. 2013-ல் பொதுமக்கள் திரண்டு பெரியகுளத்தில் தூர் வாரினார்கள். உண்மையிலேயே பெரிய காரியம் அது. 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் கோவை இடம்பெற்ற பிறகு நடைபாதை, சைக்கிள் பாதை, விளக்கு, படகு எல்லாம் வந்தன. போய்ப் பார்த்தேன். மாலை நேரத்தில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நடப்பதைப் பார்க்க மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது. குளத்துக்குள் மண் கொட்டிக் கரையை அகலப்படுத்துகிறார்கள், கான்கிரீட் அதிகம் என்ற ஆட்சேபங்களும் அங்கே அப்போதே எழுந்தன. இரண்டும் உண்மை. ஆனால் கோவைக் குளத்துக்குக் கீழே இன்று நெல் இல்லை. நம் கண்மாய்க்குக் கீழே இன்னும் இருக்கிறது. அங்கே சரியானது இங்கே சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் கண்மாயின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை; எழுதினால் பேச்சு அந்த ஒரு கண்மாயைப் பற்றியதாகிவிடும். பொதுவான ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். மேற்குப் பக்கம் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணடித்து உயர்த்தி, வட்டத்தை மூடுகிறோம். பாதை மட்டும் 10 மீட்டர் அகலம் என்றால் 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர். இது சின்னக் கணக்கு. பெரிய கணக்கு, பாதைக்கு அந்தப் பக்கம் துண்டாகிப் போகும் உள்வாய். சேறு குறைவான, வேலைக்கு வசதியான இடமாகப் பார்த்து முழுநீர் எல்லையிலிருந்து 200 மீட்டர் உள்ளே தள்ளிப் பாதை போட்டால், வெளியே போவது 40 ஹெக்டேர், சுமார் 100 ஏக்கர். அங்கே சராசரி ஆழம் அரை மீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 2 லட்சம் கன மீட்டர். 20 கோடி லிட்டர். ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் வீதம் ஒரு லட்சம் பேருக்கு 20 நாள் தண்ணீர். அதுவும் ஒவ்வொரு முறை கண்மாய் நிறையும்போதும் இழக்கிற தண்ணீர்.

அந்த ஓரத் தண்ணீர் ஆழமில்லாதது, சீக்கிரம் ஆவியாகிவிடும், போனால் போகட்டுமே என்று ஒரு நண்பர் சொன்னார். ஆழமில்லாததால்தான் நாரையும் கொக்கும் அங்கே நிற்கின்றன. அந்த ஈரத்தில்தான் கோடை தொடக்கத்தில் புல் முளைத்து மாடு மேய்கிறது. ஊறி இறங்குவதும் அங்கிருந்துதான். நம் கடைசித் தெரு ஆழ்குழாய்க் கிணறுகள் பங்குனி வரை தாக்குப் பிடிப்பது எதனால் என்று நினைக்கிறீர்கள்?

அடுத்தது நம் சொந்த வீட்டுப் பிரச்சினை. நம் தெருக்கள் கண்மாயின் மேற்கே, தண்ணீர் வரும் பக்கம் இருக்கின்றன. மனைகள் பட்டா நிலம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் மலையில் கொட்டும் மழை நம்மைத் தாண்டித்தான் கண்மாய்க்குப் போக வேண்டும். மேற்கே ஒரு கரை எழுப்பினால் அது யாருக்கு அணை? நமக்குத்தான். வரத்துக்கால் வரும் இடங்களில் சிறுபாலம் வைப்பார்கள். சிறுபாலத்துக் கண்ணில் முதல் மழைக்கே பிளாஸ்டிக் பையும் வேலிக்காத்தான் கிளையும் அடைத்துக்கொள்ளும். கண்மாய் பாதி காலியாக இருக்கும்போதே நம் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். சைக்கிள் பாதை கேட்டு வெள்ளம் வாங்கிய குடியிருப்பு என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்காது. நீர்நிலைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2005-ல் எல். கிருஷ்ணன் வழக்கில் சொன்னது. 2007-ல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. முழுநீர் எல்லையை அளந்து கல் நடுவதே அதன் முதல் வேலை. பொது நன்மைக்கான பாதை என்றாலும் உள்வாயில் போட்டால் அது உள்வாயில் நிற்கும் கட்டுமானம்தான்.

சரி, அப்படியானால் பாதையே வேண்டாமா என்றால், வேண்டும். அதில் நான் இளைஞர்கள் பக்கம். மதுரை–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் பிள்ளைகளை சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. ஓட்ட இடம்தான் இல்லை. ஒரு காலத்தில் ஆலைச் சங்கு ஊதினால் ஷிப்டுக்குப் போகும் சைக்கிள்களால் தெரு நிறைந்த ஊர் இது. நகராட்சிக்கு வரி கட்டி, பித்தளை வில்லை வாங்கி மாட்டிக்கொண்டு ஓட்டினோம். விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனால் பிடிக்கும். அவ்வளவு மரியாதை சைக்கிளுக்கு.

கேட்க வேண்டியது ஏற்கெனவே இருக்கும் கரையை. கிழக்குக் கரையின் மேல் மண் பாதையைச் செம்மைப்படுத்தி, கலுங்கிலிருந்து கலுங்கு வரை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்தால் சுற்று அளவுக்குத் தூரம் கிடைத்துவிடும். காலையில் அந்தக் கரையில் போனால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். எதிரே தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் மலை. மேற்கே பாதை போட்டுப் போனால் மலை முதுகுக்குப் பின்னால் போய்விடும் என்பதை மனுதாரர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. வட்டமாகத்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், முழுநீர் எல்லைக்கு வெளியே இருக்கும் நம் தெருக்களையும் பழைய வண்டிப் பாதையையும் சேர்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் சுற்று வழி. தரையை உயர்த்த வேண்டியதில்லை.

கரையிலும் சில நிபந்தனைகள் உண்டு. தார், கான்கிரீட் வேண்டாம். சரளை கலந்த மண் போதும். கரை வருடா வருடம் கொஞ்சம் அமுங்கும், மண் போட்டு உயர்த்த வேண்டி வரும். கான்கிரீட்டை உடைத்து யாரும் மண் போட மாட்டார்கள். இரண்டு முனையிலும் சைக்கிள் மட்டும் நுழையும்படி கல் நட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் பைக் வரும், அடுத்து கார், அதன்பின் டிராக்டர். அதே சமயம் உடைப்பு ஏற்பட்டால் மண் வண்டி போக வேண்டும் என்பதால், கழற்றக்கூடிய கல்லாக இருக்கட்டும். மடைத் திருகு இருக்கும் இடத்தில் பெஞ்சு போட்டு மறிக்கக் கூடாது. கரையின் உட்சரிவில் மரம் வைக்கக் கூடாது. வேர் போன வழியே தண்ணீர் போகும். இருக்கும் பனைகளை வெட்டாமல் இடைவெளியில் பனங்கொட்டை போட்டால் போதும். விளக்கு வேண்டாம் என்பது என் கருத்து. சில தாய்மார்கள் வேண்டும் என்கிறார்கள். அதைக் கூட்டத்தில் பேசிக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் முன்னால் கீழே வயல் வைத்திருப்பவர்களிடமும் மீன் குத்தகைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கண்மாய் முதலில் அவர்களுடையது. சென்ற கூட்டத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போடலாமே என்று வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை வந்திருக்கிறது. அது இராஜபாளையம் குடிக்கிற தண்ணீர். மலையடிவாரம் வேறு, அதற்கு மேலே இருக்கும் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். முடங்கியாறு ரோட்டில் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கு மேல் அங்கே ஆசைப்பட வேண்டாம்.

நீர்வளத் துறை அலுவலகத்துக்கு எழுதி நம் கண்மாயின் குறிப்பேட்டு நகலும் முழுநீர் மட்டமும் கேட்டிருக்கிறேன். வந்ததும், வருகிற ஐப்பசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த எல்லைக் கோட்டை மேற்கே நடந்து பார்க்கலாம் என்று இருக்கிறோம். தொப்பி, தண்ணீர் பாட்டில், முள் குத்தாத செருப்பு கொண்டு வாருங்கள். மனுவையும் இளைஞர்கள் சம்மதத்தோடு திருத்திச் செயலாளரிடம் கொடுத்தாயிற்று. இரண்டாவது பத்தியில் ‘கண்மாயைச் சுற்றி’ என்று இருந்ததை அடித்துவிட்டு, ‘கண்மாயின் கிழக்குக் கரைமேல்’ என்று எழுதியிருக்கிறோம். முன்பு கையெழுத்துப் போட்டவர்கள் மறுபடி ஒரு முறை போட வேண்டியிருக்கும்.